சிவப்பு பல்பு எரியுது, பேசாதே!

அலுவலகத் தொலைபேசி அலறியபோது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வாலு எடுத்தான்.

"வணக்கம். எனக்கு உடனடியா உங்க உதவி தேவைப்படுது," என்றது ஒரு பெண் குரல். தேன் தடவிய குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அளந்து வைத்த இடைவெளி.

வாலு போனை வைத்துவிட்டான்.

"யாரு தம்பி?" என்றாள் அண்ணி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

"மெஷின் அண்ணி. பேங்குக்குப் போன் பண்ணினா 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்'னு ஒரு அம்மா வருமே, அந்த அம்மா. போன வாரம் நாற்பது நிமிஷம் அவங்ககூட இருந்தேன். என் கல்யாணத்துக்குப் பார்த்த பொண்ணுகூட அவ்வளவு நேரம் என்னைச் சகிச்சுக்கலை."

மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை அண்ணியே எடுத்தாள். இரண்டு நிமிடம் "ம்" கொட்டிவிட்டு எழுந்தாள்.

"ஸ்கூட்டரை எடு. அது மெஷின் இல்லை, மனுஷி. ஆறு மணிக்கு மேல அவங்க வாயைத் திறக்கக் கூடாதாம். அதுக்குள்ள நாம ஒரு திருடனைப் பிடிக்கணும்."

இந்த இருவரைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். துப்பறியும் நிலையத்தின் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், ஊர் முழுக்க அவளுக்கு ஒரே பெயர்தான், அண்ணி. அவளுக்கு உண்மையில் கொழுந்தன் இந்த ஒருவன்தான். வழக்கு எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதால் அவன் வாலு. அவனுடைய அண்ணன் பல் வைத்தியர். ஆகக்கூடி அந்த வீட்டில் ஒருவர் நாள் முழுக்க வாயைத் திற என்கிறார், இன்னொருவர் நாள் முழுக்க வாயை மூடு என்கிறார். இரண்டாவது கட்டளை பெரும்பாலும் வாலுவுக்குத்தான்.

மூன்றாவது மாடி. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு, அணைந்திருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில், 'பல்பு எரிந்தால் மணி அடிக்காதீர்கள். தட்டாதீர்கள். தும்மாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"தும்மல் வந்தா ரெண்டாவது மாடிக்கு இறங்கிப் போய்த் தும்மணுமா?" என்றான் வாலு.

கதவைத் திறந்தவள் தொலைபேசிக் குரலுக்குச் சொந்தக்காரி. லிஃப்டில் 'கதவுகள் மூடுகின்றன' என்பதும் அவள்தான், பேருந்து நிலையத்தில் 'நடைமேடை எண் நான்கு' என்பதும் அவள்தான். அறிவிப்பாளர் என்று சொன்னால் ஊரில் பாதிப்பேருக்கு முகம் தெரியாது, காதுக்குத் தெரியும். பின்னால் அவள் கணவர், சின்னத் தாடியும் பெரிய கவலையுமாக நின்றார். வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்து அவள் குரலைப் பதிந்து, மிக்ஸிங் செய்து, அனுப்புகிற ஒலிப்பதிவாளர்.

அறிவிப்பாளர் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். தொண்டைக்குள் கட்டி. நாளைக் காலையில் அறுவைச் சிகிச்சை. இன்று மாலை ஆறு மணியிலிருந்து ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. ஆறு வாரம் கழித்து வாய் திறக்கும்போது பழைய குரல் வருமா என்று கேட்டதற்கு, டாக்டர் மேசை மேலிருந்த பேனாவை நேராக்கி வைத்தாராம்.

"எனக்குன்னு ஒண்ணும் இல்லைங்க. எங்க குட்டிக்கு ஆறு வயசு. அவளுக்கு நான் ஒரு பல்லிக் கதை சொல்லுவேன். மேல ஏறப் பயப்படற பல்லி. தரையிலேயே நடந்து போகும். அந்தப் பல்லிக்கு ஏழு கதை இருக்கு. எதையும் எழுதி வெச்சதில்லை. இந்தக் குரல்லயே அவளுக்கு இருக்கணும்னு, செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு உட்கார்ந்து, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏழையும் முடிச்சேன். தொண்டை கிழிஞ்சுது. ஆனா முடிச்சப்போ அவ்வளவு நிம்மதி." அவள் கண் கலங்கியது. "அந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்."

"நகல்?" என்றாள் அண்ணி.

ஒலிப்பதிவாளர் தலை குனிந்தார். "லேப்டாப்புல இடம் இல்லைன்னு டிஸ்க்குக்கு மாத்திட்டு இங்க அழிச்சிட்டேன். இவளும் குட்டியும் அஞ்சேகாலுக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி கிளம்பினாங்க. நான் அஞ்சரைக்குப் பைக்கை எடுத்துக்கிட்டு ஒயர் வாங்கப் போனேன். ஏழு மணிக்கு வந்து பார்த்தா மேசை மேல டிஸ்க் இல்லை."

"பைக்லதான் போனீங்களா?"

"ஆமா, பைக்ல."

வாலு ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்த்தான். ஸ்டூடியோ என்றால் படுக்கையறை. பெரிய துணி அலமாரியின் கதவுகளைக் கழற்றிவிட்டு, தொங்கும் புடவைகளுக்கு நடுவே ஒரு முக்காலி. அதற்கு ஒரு சாண் தூரத்தில் கம்பியில் நிற்கும் பெரிய மைக். காற்று நேராக அடிக்காமல் இருக்க, பூவேலை வளையத்தில் மெல்லிய துணி கட்டி முன்னால் மாட்டியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு இரட்டை மெத்தை சாய்ந்து நின்றது.

"மெத்தை ஏன் சார் நின்னுக்கிட்டுத் தூங்குது?"

"வெறும் சுவர்னா குரல் மோதித் திரும்பி வரும். மெத்தை அதை முழுங்கிடும். துணியும் அப்படித்தான். லேப்டாப்போட விசிறிச் சத்தம்கூட வரக் கூடாதுன்னு அதைக் கூடத்துல வெச்சிருக்கேன்." அவர் கூடத்தைக் காட்டினார். ஓடு பதித்த, சாமான் இல்லாத கூடம். மேசையில் லேப்டாப், மைக் ஒயர் வந்து சேர்கிற ஒரு சின்னப் பெட்டி, ஹெட்போன், இரண்டு ஸ்பீக்கர்கள். ஒயர் வருவதற்காகப் படுக்கையறைக் கதவு ஒருக்களித்தே இருந்தது.

அண்ணி கூடத்தில் உட்காரவில்லை. ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சமையலறைக்குத்தான் போக வேண்டும் என்பது அவள் கட்சி. நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று துடைத்து, கிட்டத்தட்டக் காலியாக இருந்தது.

"இப்பத்தான் கழுவினீங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க! திருட்டு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்," என்று அறிவிப்பாளர் பெருமூச்சு விட்டாள். "செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தா ஃபிரிட்ஜ் ஓடவே இல்லை. பால் திரிஞ்சு போச்சு. குட்டியோட ஐஸ்கிரீம் உருகி எல்லாத் தட்டுலயும் வழிஞ்சிருக்கு. காய், டப்பா, இவரோட சாவி, எல்லாம் பிசுபிசுன்னு. ஒவ்வொண்ணாக் கழுவி, துடைச்சு, மாட்டி... அழுதுக்கிட்டேதான் செஞ்சேன்."

"நான் அப்பவே சொன்னேன் விட்டுடுன்னு," என்று முணுமுணுத்தார் கணவர்.

"யார் மேலயாவது சந்தேகம்?"

அறிவிப்பாளரின் முகம் இறுகியது. "சொல்லவே வாய் கூசுது. என் கூடப் பிறந்த தம்பி. அந்த மெத்தை அவனோடது. இரவல் வாங்கினோம். ஒரு மாசமாத் திருப்பிக் கேட்டுக்கிட்டிருக்கான். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு அவன் எங்க கதவுக்கிட்ட நின்னதைக் கீழ்வீட்டுக்காரங்க பார்த்திருக்காங்க. மெத்தையைக் கொடுக்கலைங்கற கோவத்துல..."

"அவன் எடுத்திருக்க மாட்டான்," என்றார் கணவர் அவசரமாக. "மச்சான் அப்படிப்பட்டவன் இல்லை. நான்தான் துப்பறியறவங்க எல்லாம் வேண்டாம்னு சொன்னேனே."

மனைவியின் தம்பிக்கு இவ்வளவு பரிந்து பேசுகிற மனிதரை வாலு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். நெகிழ்ந்தே போனான்.

தம்பியின் மூக்குக்கண்ணாடிக் கடை நாலு தெரு தள்ளி இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே வரவேற்றார். வாலுவைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணை மூடிவிட்டார். தொழில் பழக்கம்.

"முதல் வரி படிங்க."

"சார், நாங்க விசாரணைக்கு வந்திருக்கோம்."

"அது வரியில இல்லையே."

"நீ படி தம்பி," என்றாள் அண்ணி. "நான் கேக்கறேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு அக்கா வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

"மெத்தை. கழுத்தைப் பாருங்க. ஒரு மாசமாத் தரையில படுத்து இந்தப் பக்கம் மட்டும்தான் திரும்புது. கடைக்கு வர்றவங்களை எல்லாம் ஒரே கோணத்துல பார்க்கறேன். அவங்க கண்ணு சரியில்லையா என் கழுத்து சரியில்லையான்னு எனக்கே சந்தேகம்."

"எடுத்துக்கிட்டீங்களா?"

"எங்கே எடுக்கறது? சிவப்பு பல்பு எரிஞ்சுது. உள்ள அக்கா கதை சொல்லிக்கிட்டிருந்தா. பல்பு எரிஞ்சாத் தட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பத்து நிமிஷம் நின்னேன், வந்துட்டேன்."

வாலு மூடிய கண்ணைத் திறந்துவிட்டான். "அண்ணி! ஆறு மணிக்கு அவங்க அக்கா ஆஸ்பத்திரியில ரத்தம் கொடுத்துக்கிட்டிருந்தாங்க!"

"ரெண்டாவது வரி," என்றாள் அண்ணி அவனைப் பார்க்காமலே. "கதை எப்படிக் கேட்டுது சார்? தெளிவாவா?"

கடைக்காரர் யோசித்தார். முடிந்த பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தார். "அதான் எனக்கும் புரியலை. எப்பவும் கதவுக்கு வெளிய நின்னா ஒரு சத்தம் வராது. அந்த மெத்தை, துணி எல்லாம் அதுக்குத்தானே? அன்னிக்கு நல்லாவே கேட்டுது. ஆனா ஒரு மாதிரி... குளியலறைக்குள்ள நின்னு பேசற மாதிரி. எட்டி எங்கேயோ நின்னு சொல்ற மாதிரி."

"சரி. மெத்தையை உங்க மாமா தரமாட்டேன்னே சொல்றாரா?"

"இல்லைங்க! அதான் கொடுமை. மாசம் பூரா 'இந்த வேலை முடியட்டும், எடுத்துக்கோ மச்சான்'னு தங்கமாப் பேசினார். வேலை செவ்வாய்க்கிழமையே முடிஞ்சு போச்சு. நேத்துப் போன் பண்ணினேன். 'மெத்தையில கை வெச்சே, நடக்கறதே வேற'ங்கறார். நாலு வருஷம் படுத்த மெத்தைங்க, அதுக்கு இப்ப என்ன மவுசு வந்துடுச்சு?"

அண்ணியின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. வாலு அந்தச் சிரிப்பை நன்றாக அறிவான். எல்லாம் புரிந்துவிட்டது, உனக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அவனால் பொறுக்க முடியவில்லை. "பொய் சொல்றார் அண்ணி. பச்சைப் பொய்."

"பொய் சொல்ல வர்றவன் 'நான் போனேன், யாரும் இல்லை'ன்னு சொல்லுவான். வீட்டுல இல்லாத அக்கா உள்ள பேசினான்னு சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்குவானா?"

"அப்ப பேய். அதுவும் பல்லிக் கதை சொல்ற பேய்."

"நேரம் பார்த்து ஓட்டு. நாலு ஆகப்போகுது."

அவர்கள் திரும்பியபோது குட்டி பள்ளியிலிருந்து வந்திருந்தாள். வாலுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க திருடனா, போலீஸா?" என்றாள்.

"ரெண்டும் இல்லை. டிரைவர்."

அண்ணி ஒலிப்பதிவாளரிடம் திரும்பினாள். "சார், ஒரு உதவி. செவ்வாய்க்கிழமை எப்படிப் பதிவு செஞ்சீங்களோ, அதே மாதிரி எல்லாத்தையும் ஒரு தடவை செய்து காட்டுங்க. ஒண்ணு விடாம."

அவர் தயங்கினார். மனைவி பார்த்த பார்வையில் எழுந்தார். மின்விசிறியை அணைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். சிவப்பு பல்பைப் போட்டார். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்தார். அப்புறம், கை தன் பாட்டுக்கு ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்து, ஃபிரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டில் வைத்து மூடியது.

"சாவிக்கு வேர்க்குதா சார்?" என்றான் வாலு.

அன்று முதன்முறையாக அந்த மனிதர் லேசாகச் சிரித்தார். "அது எங்க தொழில் வழக்கம். ஃபிரிட்ஜ் உறுமல் சுவர் வழியா மைக்ல விழும். அணைச்சா, திரும்பப் போட மறந்துடுவோம். ரெண்டு தடவை மறந்து வாங்கிக் கட்டிக்கிட்டேன். சாவி உள்ள இருந்தா, அதை எடுக்காம வெளிய போக முடியாது இல்லையா? திறந்ததும் உள்ள விளக்கு எரியாது. உடனே ஞாபகம் வந்துடும். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட மறந்ததே..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் நின்றது.

"மறந்ததே இல்லை," என்று முடித்து வைத்தாள் அண்ணி. "நல்ல வழக்கம். மேல செய்யுங்க."

அவர் படுக்கையறைக்குள் போனார். பெரிய மைக்கின் வலைமேல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். கூடத்துக்கு ஓடிவந்து லேப்டாப் திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறதா என்று பார்த்தார். திரும்பப் போய் இன்னொரு முறை சுரண்டினார். ஓடிவந்து பார்த்தார். மூன்றாவது முறையும் போனார்.

"இது என்னங்க புதுசா?" என்றாள் அவர் மனைவி. "செவ்வாய்க்கிழமை இதெல்லாம் செய்யலையே. நேராப் பேச ஆரம்பின்னுதானே சொன்னீங்க?"

மனிதர் சுரண்டிய விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"போதும் சார், உட்காருங்க," என்றாள் அண்ணி. குரலில் அதட்டல் இல்லை. "திருடன் யாரும் வரலை. நீங்க வெளிய போகவும் இல்லை. பைக்ல போகணும்னா சாவி வேணும். சாவி வேணும்னா ஃபிரிட்ஜைத் திறக்கணும், திறந்தா அதைப் போட்டிருப்பீங்க. எட்டு மணிக்கு இவங்க வரும்போது ஃபிரிட்ஜ் ஓடலை. ஐஸ்கிரீம்ல ஊறிக்கிட்டிருந்த சாவியை இவங்களே எடுத்துக் கழுவி ஆணியில மாட்டியிருக்காங்க."

"ஆமா!" என்று அறிவிப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் கையாலயே..."

"அஞ்சேகால்ல இருந்து எட்டு வரைக்கும் நீங்க இந்த மேசையை விட்டு எழுந்திருக்கலை. பதிவு செஞ்ச கதைகளை ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. சிவப்பு பல்பைக்கூட அணைக்கலை. உங்க மச்சான் வெளிய நின்னு கேட்டது அதைத்தான். ஆனா குரல் குளியலறையில இருந்து வர்ற மாதிரி இருந்ததாம். மெத்தைக்கும் புடவைக்கும் நடுவுல, ஒரு சாண் தூரத்துல பேசின குரல் ஏன் அப்படிக் கேக்கணும்?" அண்ணி லேப்டாப்பை விரலால் தட்டினாள். திரையில் ஒன்றும் அசையவில்லை. "இப்ப சரியா இருக்கு. பெரிய மைக்கைத்தான் கேக்குது. செவ்வாய்க்கிழமை இது தன்னோட சொந்தச் சின்ன மைக்கைக் கேட்டுக்கிட்டிருந்தது. அதான் இன்னிக்கு மூணு தடவை சுரண்டிப் பார்த்தீங்க. அப்படித்தானே?"

ஒலிப்பதிவாளர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"காலையில லேப்டாப் ஒரு தடவை தானா அணைஞ்சு வந்தது," என்றார் விரல்களுக்கு நடுவிலிருந்து. "வந்ததும் மைக் மாறியிருக்கு. நான் பார்க்கலை. என் ஹெட்போன் மைக் ஒயர் வர்ற அந்தப் பெட்டியில மாட்டியிருந்தது, அதனால என் காதுக்குப் பெரிய மைக்தான் வந்துது. அவ்வளவு அழகா வந்துது. உள்ள பதிவானது கூடத்து எக்கோ. திரையில அலை சின்னதாத் தெரிஞ்சப்போ, தொண்டை வலியில மெதுவாப் பேசறாளேன்னு நினைச்சேன். நடுவுல நிறுத்திக் கேட்டா அவ மனசு விட்டுப் போயிடும்னு கேக்கவும் இல்லை. இரைச்சல்னா எடுத்துடலாம். எக்கோவை என்ன செஞ்சாலும் எடுக்க முடியாது. மூணு மணி நேரம் முட்டி மோதிப் பார்த்தேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" அறிவிப்பாளரின் குரல் முதன்முறையாக அளவு மீறி உயர்ந்தது. வங்கியில் இந்தக் குரலைக் கேட்டிருந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா புதன்கிழமை மறுபடி சொல்லியிருப்பேனே! என் தம்பியைத் திருடன்னு நினைச்சு ரெண்டு நாளா அவன் போனை எடுக்கலை நான்!"

"முடிச்சிட்டு எழுந்தப்போ நீ என்ன சொன்னே ஞாபகம் இருக்கா? 'இனி என் குரல் போனாலும் பரவாயில்லை'ன்னு சொன்னே. தொண்டையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சே. அந்த முகத்தைப் பார்த்து எல்லாம் வீண்னு சொல்ல எனக்கு வாய் வரலைம்மா. திருட்டுப் போச்சுன்னா யாரையாவது திட்டலாம். நான்தான் கெடுத்தேன்னா..." அவர் ஹெட்போனை எடுத்து மறுபடி வைத்தார். "எனக்குப் பயமா இருந்தது."

வாலுவுக்கு ஒரு நகைச்சுவை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்த அம்மாளைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

"மணி நாலரை," என்றாள் அண்ணி. "சண்டைக்கு நேரம் இல்லை. தம்பி, மெத்தை உறையோட கீழ்ப்பக்கம் கையை விடு."

"மெத்தையா?"

"மாசம் பூராத் தர்றேன்னவர் நேத்து ஏன் கையை வெக்காதேங்கறார்? தூக்கிப் போட மனசு வராத பொருளை அதுக்குள்ளதான் வெச்சிருப்பார்."

வாலு முழங்கை வரை விட்டுத் துழாவினான். ஹார்ட் டிஸ்க் வந்தது, கொஞ்சம் பஞ்சோடு.

"போடுங்க," என்றாள் அறிவிப்பாளர்.

"வேண்டாம்மா, கேக்கவே சகிக்காது."

"போடுங்கன்னேன்."

அவர் கடைசிக் கதையைப் போட்டார். உண்மைதான், சகிக்கவில்லை. அவள் குரல் எங்கோ தூரத்தில் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கு முன்னால், மிக அருகில், வேறு ஏதோ கேட்டது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு சிரிக்கிற சத்தம். அப்புறம் ஒரு குட்டிக் கிசுகிசுப்பு: 'அப்பா, அப்பா, இப்ப பாரு, பல்லி தொப்புனு விழும் பாரு.' 'உஷ், அம்மா திட்டுவா.' தூரத்துக் குரல் பல்லியைத் தொப்பென்று போட்டது. அருகில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நாற்காலி கிரீச்சிட்டது.

"நான் பேசினது வந்துடுச்சு!" என்று குட்டி குதித்தாள்.

அறிவிப்பாளர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அலமாரிக்குள், புடவைகளுக்கு நடுவில், ஆறு மணி நேரம் அவள் தனியாகத்தான் பேசினாள். அந்தப் பக்கம் யார் எப்படிக் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேரே அலமாரிக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. ஏழு முடியாது. ரெண்டு சொல்றேன். பெரிய மைக்கைப் போடுங்க."

கணவர் பாய்ந்து எழுந்தார்.

"அந்தச் சின்ன மைக்கையும் சேர்த்துப் போடுங்க."

"அது எதுக்கும்மா? அதுல கூடத்துச் சத்தம்தான் விழும்."

"அதுக்குத்தான்," என்றாள் அவள். "நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறது அதுலதான் விழுது."

அண்ணி வாலுவின் முன்னால் கையை நீட்டினாள். "ஸ்கூட்டர் சாவி."

"நம்ம வேலை முடிஞ்சுதே அண்ணி, கிளம்பலாமே."

"நீ கீழ போய் ஸ்கூட்டரை உதைச்சா அந்தச் சத்தம் மூணு மாடி ஏறி வரும். உட்காரு." அவனுடைய சாவியும் முட்டைத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கணவர் நகத்தால் மூன்று தடவை சுரண்டினார். பின்னால் இரைச்சலை எடுக்க உதவும் என்று, அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிந்துகொண்டார். சிவப்பு பல்பு எரிந்தது. வாலு தரையில், குட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து அவன் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததில்லை.

முதல் கதையைச் சமாளித்துவிட்டான். இரண்டாவதில் பல்லி முதன்முறையாகச் சுவரில் ஏறிப் பார்க்கிறது. நான்கு அடி ஏறிவிட்டுக் கீழே பார்க்கிறது. அறிவிப்பாளரின் குரல் பல்லியின் பயத்தில் நடுங்கியது, பேருந்து நிலையத்தில் ஒருநாளும் நடுங்காத குரல். குட்டி வாலுவின் காதில், "இப்ப அது வாலை விட்டுட்டு ஓடிடும் பாருங்க," என்று கிசுகிசுத்தாள். பல்லி வாலை விட்டுவிட்டு ஓடியது. வால் மட்டும் சுவரோரமாகத் தனியாகத் துள்ளி, 'என்னை விட்டுட்டுப் போறியே!' என்று கத்தியது.

வாலு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கூடம் அதிர்ந்தது.

அண்ணி அவனைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தாள். அவனுக்குத் தூக்குப்போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"இருக்கட்டும்," என்றது அலமாரிக்குள்ளிருந்து குரல், பல்லியின் குரலிலேயே. "யாரோ நம்ம வாலைப் பார்த்துச் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும், சிரிக்கட்டும்." கதை அப்படியே மேலே போனது.

அது முடிந்தபோது ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவள் வெளியே வந்து குட்டியைத் தூக்கி, காதில் ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை, எந்த மைக்கிலும் விழவில்லை. பிறகு உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டு சாவிகளையும் எடுத்தாள், சுவிட்சைப் போட்டாள். ஃபிரிட்ஜ் உறும ஆரம்பித்தது.

வாலுவிடம் ஜில்லென்ற சாவியைக் கொடுத்துவிட்டு, மேசை மேலிருந்த தாளில் என்னவோ எழுதிக் கணவரிடம் நீட்டினாள். வாலு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அது அவன் தொழில்.

'தம்பி மெத்தையை நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்க. உங்களைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கு. ஆறு வாரம் கழித்து.'

ஒலிப்பதிவாளர் அதை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எந்தக் குரல்ல வேணும்னாலும் திட்டு," என்றார். "நான் கேக்கறேன்."